நாய்க்கு முடி கொட்டினால்: மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலைப் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு நாய்க்குட்டி வளர்ந்தது. நாலு மாசம். இரண்டு கண்ணையும் சுற்றி முடி உதிர்ந்து, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதை "வாத்தியார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அது சொறிந்துகொள்ளவில்லை, சாப்பாட்டையும் விடவில்லை, நாள் முழுக்க இஸ்தோப்பில் துள்ளி விளையாடியது. பிறகு முன்னங்காலில் ஒரு திட்டு விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "சொறி பிடிச்சிருச்சு, பழைய ஒயில் தடவு" என்றார். லொறியிலிருந்து வடித்த கறுத்த ஒயிலை ஒரு சிரட்டையில் வாங்கிவந்து, தலையிலிருந்து வால்வரை பூசியது நான்தான். குட்டி இரவெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே கிடந்தது. விடியக்காலையில் வாந்தி. மூன்றாம் நாள் செத்துப்போனது.

சில வருஷம் கழித்து வேறொரு நாயோடு போனபோது, இந்தக் கதையை மிருக வைத்தியரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சொறிஞ்சிச்சா?" இல்லை என்றேன். அப்படியென்றால் அது பெரும்பாலும் தானாகவே ஆறிப்போகிற வகையாக இருந்திருக்கும் என்றார்.

முடி உதிர்வது ஒரு நோயின் பெயர் இல்லை. பத்துப் பன்னிரண்டு நோய்கள் ஒரே மாதிரி வெளியே காட்டும் அடையாளம் அது. எது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததைப் பூசினால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன். அதனால் மருந்து வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை: வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது

லயன் காம்பராவுக்குள் மின்குமிழ் வெளிச்சத்தில் நாயின் தோல் தெரியாது. மூட்டம் விலகியிருக்கும் காலை நேரத்தில் வாசலில் கட்டிவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கவேண்டும். அவசரப்படவேண்டாம், கால் மணித்தியாலம் எடுங்கள். கைபேசியில் படமும் எடுங்கள். எந்தத் திகதியில் எடுத்தது என்று பிறகு அதுவே சொல்லும்.

எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதுதான் முக்கிய தடயம். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிறு என்றால் சொறிப்பூச்சியை நினைக்கவேண்டும். முதுகின் பின்பாதி, வால் தொடங்கும் இடம் என்றால் தெள்ளு. கண்ணையும் வாயையும் சுற்றி, முன்னங்காலில், அதுவும் குட்டி நாய்க்கு என்றால் வேறு வகைப் பூச்சி. வட்டமாக, ஓரத்தில் செதில் எழும்பி, நடுவில் முடி முறிந்து கிடந்தால் படர்தாமரை. கால்விரல் இடுக்கு, கழுத்து மடிப்பு, அக்குள், காதுக்குள் எல்லாம் பிசுபிசுப்பு, புளித்த நாற்றம் என்றால் ஈஸ்ட் என்கிற பூஞ்சணம். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அளவில் முடி போய், அரிப்பே இல்லாவிட்டால் உடம்புக்குள் சுரப்பிகளில் ஏதோ பிசகியிருக்கலாம்.

அடுத்த கேள்வி அந்த வைத்தியர் என்னிடம் கேட்டது. அரிப்பா, உதிர்வா, எது முதலில் வந்தது? நாய் சொறிந்து கடித்து முடியைப் பிய்த்துக்கொள்வது ஒன்று. முடி தானாகக் கழன்று விழுவது இன்னொன்று. ராத்திரி நாய் கட்டிலடியில் "டக் டக்" என்று காலைத் தரையில் அடித்துச் சொறியும் சத்தம் கேட்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வைத்தியரைவிட நீங்கள்தான் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சின்னச் சோதனைகள் உண்டு. ஒன்று, நாயின் காது நுனியை மடக்கி அதே காதின்மேல் வைத்து ஐந்து விநாடி தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தன்பாட்டில் காற்றில் சொறிவது போல் ஆடினால் சொறிப்பூச்சி என்ற சந்தேகம் வலுக்கிறது. இரண்டாவது, ஒரு வெள்ளைத் தாளை நனைத்து விரித்து, வால் பக்கத்து முடியை அதன்மேல் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகள்கள் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது நாயின் இரத்தம்தான், தெள்ளு குடித்துக் கழித்தது.

கடைசியாக, வீட்டில் மனிதர் யாருக்காவது அரிக்கிறதா? பிள்ளையின் கையில் வட்டத் திட்டு உண்டா? பக்கத்து வீட்டு நாய் எப்படியிருக்கிறது? ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்து வீடு உள்ள லயத்தில் நாய்க்கு வேலி கிடையாது. ஐந்து வீட்டில் சாப்பிட்டு ஆறாவது வீட்டில் தூங்கும்.

சொறிப்பூச்சி: கண்ணுக்குத் தெரியாத தோண்டி

சார்கொப்டெஸ் என்கிற இந்தப் பூச்சி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. பெண் பூச்சி தோலின் மேற்படையைத் தோண்டி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே போகும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும். அரிப்பு தாங்கமுடியாதது. நாய் இரவில் தூங்காது, சாப்பிடும்போதே நிறுத்திவிட்டுச் சொறியும். காது ஓரத்தில் சாம்பல் நிறப் பொருக்கு, பிறகு முழங்கை, பிறகு வயிறு. கவனிக்காமல் விட்டால் உடம்பு முழுக்க யானைத்தோல் மாதிரித் தடித்துப்போகும்.

இது ஒட்டும். நாயிலிருந்து நாய்க்கு உரசினாலே போதும். பொதுவாகச் சாதாரண அறை வெப்பத்தில் நாயை விட்டு விழுந்த பூச்சி ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் குளிரும் ஈரமும் கூடக் கூட அது உயிரோடிருக்கும் நாளும் கூடும். நம் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. ஆடி மாசத்து மழையில் நாய் படுக்கும் சாக்கு வாரக்கணக்கில் காய்வதில்லை. ஆகவே கீழ்நாட்டுக்காரருக்குச் சொல்லும் "இரண்டு நாளில் செத்துவிடும்" கணக்கை இங்கே நம்பவேண்டாம்.

மனிதருக்கும் இது ஏறும், நாயைத் தூக்கும் முன்கை, வயிறு, தொடையில் சிவந்த பருக்களாக. ஆனால் நாயின் பூச்சி மனிதத் தோலில் பெருகித் தங்காது. நாய் குணமானால் சில வாரத்தில் அதுவும் அடங்கிவிடும். நாய்க்குச் சிகிச்சை முடிந்த பிறகும் வீட்டில் எல்லோருக்கும் விரல் இடுக்கில் அரிப்பு நின்றபாடில்லை என்றால் அது மனிதருக்கே உரிய சிரங்கு. தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகவேண்டியது அதற்குத்தான். நாயைக் குற்றம் சொல்லி விரட்டிவிட்டு நோயை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வைத்தியர் தோலைக் கத்தி அலகால் மெதுவாகச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். இங்கே ஒரு சங்கதி. சொறிப்பூச்சி உள்ள நாயிலும் பாதிக்குமேல் சுரண்டலில் பூச்சி அகப்படாது. "ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் சொறிக்கே மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று அவர் சொன்னால் அது தெரியாமல் சொல்வதல்ல. அதுதான் முறை.

குட்டிகளின் திட்டு: டெமோடெக்ஸ்

எங்கள் "வாத்தியாருக்கு" வந்தது பெரும்பாலும் இதுதான். டெமோடெக்ஸ் என்பது சுருட்டு வடிவில் நீளமான பூச்சி. முடி முளைக்கும் குழிக்குள்ளேயே குடியிருக்கும். நல்ல ஆரோக்கியமான நாயிலும் கொஞ்சம் இருக்கும். பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கிவைத்திருக்கும். வளரும் வயதில், புழுத்தொல்லையால், சத்துக்குறைவால் அந்தக் கட்டுப்பாடு தளரும்போது அது பெருகி முடியை உதிர்க்கிறது.

நாலைந்து திட்டுகள் மட்டும், அரிப்பில்லை, குட்டி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரத்தில் தாமாகவே ஆறும். அந்த நாட்களில் செய்யவேண்டியது பூச்சுமருந்து தேடுவதல்ல. புழு மருந்து, வயிறார நல்ல சாப்பாடு, காய்ந்த படுக்கை. இது மற்ற நாய்க்கோ மனிதருக்கோ ஒட்டாது, குட்டியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடம்பெல்லாம் பரவினால், பாதம் வீங்கிச் சீழ் வைத்தால், கதை வேறு. அப்போது மாசக்கணக்கில் சிகிச்சை வேண்டும். தோல் நன்றாகிவிட்டது என்று கண்ணால் பார்த்து நிறுத்தக்கூடாது. ஒரு மாச இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்துப் பூச்சி இல்லை என்றான பிறகே நிறுத்தவேண்டும். அப்படிப் பரவிய பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவது நல்லது. இந்தப் பலவீனம் குட்டிகளுக்கும் போகும். வயதான நாய்க்குத் திடீரென்று டெமோடெக்ஸ் வந்தால், உள்ளே வேறு ஏதோ நோய் எதிர்ப்புச் சக்தியைத் தின்கிறது என்று பொருள். அதையும் தேடச் சொல்லுங்கள்.

பூஞ்சணம்: ஈரத்தின் வரவு

வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கினால் புரட்டாசி வரைக்கும் மேற்குச் சரிவுகளில் தோலும் காயாது, துணியும் காயாது. பூஞ்சண நோய் இந்த மாசங்களில்தான் என் கண்ணில் அதிகம் படும்.

படர்தாமரையைப் பற்றிக் கொஞ்சம் பயம் வேண்டும், ஏனென்றால் அது பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒட்டும். நாயில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கானிஸ் என்ற வகை, பூனையிடமிருந்தும் வரும். மண்ணைத் தோண்டும் நாய்க்கு மண்ணிலிருந்து வரும் வகையும் உண்டு, அது மூக்குமேலும் முன்பாதத்திலும் தொடங்கும். கிளினிக்கில் ஊதாக்கதிர் விளக்கில் முடி பச்சையாக ஒளிரலாம். ஆனால் கானிஸ் வகையிலேயே எல்லாம் ஒளிர்வதில்லை, ஒளிராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டமுடியாது. முடியைப் பிடுங்கி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து இரண்டு வழியில் போகவேண்டும்: வாய்வழியாக இட்ராகொனசோல் போன்ற குளிசை, வெளியே மைக்கொனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷம்போ. உதிர்ந்த முடியில் உள்ள வித்துக்கள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் வீட்டைத் துப்புரவாக்காமல் நாயை மட்டும் குணப்படுத்துவது ஓட்டைப் பீலியில் தண்ணீர் பிடிக்கிற கதை.

ஈஸ்ட் வேறு. அது தொற்றி வருவதல்ல, நாயின் தோலிலேயே இருப்பது. ஈரமும் எண்ணெய்ப்பசையும் ஒவ்வாமையும் சேர்ந்தால் பெருகும். தோல் கறுத்துத் தடித்து, நாய் பாதத்தை நக்கி நக்கி முடி செம்பழுப்பாகிவிடும். நாற்றமே காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன ஷம்போதான் இதற்கும் முதல் மருந்து, வாரத்தில் இரண்டு முறை. ஆனால் ஏன் பெருகியது என்று பார்க்காவிட்டால் மழைக்கு மழை திரும்பி வரும்.

தெள்ளும் ஒவ்வாமையும்

உங்கள் கண்ணுக்கு ஒரு தெள்ளும் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், தெள்ளின் எச்சில்தான் பிரச்சினை. வால் அடியிலிருந்து முதுகுப் பாதிவரை முடி முறிந்து, தோல் சிவந்து, கடித்துக் கடித்துப் புண்ணாகியிருக்கும். நாயின்மேல் தெரியும் வளர்ந்த தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 வீதம்தான் என்பார்கள். மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் விறகுக்கு அடுக்கிய மிலாறுக்கு (வெட்டிய தேயிலைக் குச்சிகளுக்கு) அடியிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாசக்கணக்கில் காத்திருக்கக்கூடியது. நாயை மட்டும் குளிப்பாட்டினால் இரண்டு வாரத்தில் பழைய கதை.

ஆகவே சாக்கைக் கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள், பழசாகிவிட்டால் எரித்துவிடுங்கள். தரை வெடிப்புக்குள் இருப்பதையெல்லாம் கூட்டி அள்ளுங்கள். தெள்ளு மருந்தை மாதந்தவறாமல், குறைந்தது மூன்று மாசம் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: நாய்க்கு உள்ள பேர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். ஒரே அடுப்படியில் நாயும் பூனையும் ஒட்டிப் படுக்கும் வீட்டில் அதைப் பாவிக்கவே வேண்டாம்.

தெள்ளு இல்லை, பூச்சி இல்லை, ஆனாலும் பாதமும் முகமும் வயிறும் அரிக்கிறது என்றால் மகரந்தம், தூசிப் பேன், அல்லது சாப்பாட்டு ஒவ்வாமை. சாப்பாடு என்றதும் எல்லோரும் கருவாட்டைச் சொல்வார்கள். நாய்களில் அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. இதற்கு இரத்தப் பரிசோதனையை நம்பமுடியாது. முன்பு சாப்பிட்டே இராத ஒரு இறைச்சியும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. லயத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை பாண் துண்டை எறிந்தால் எட்டு வாரமும் வீண். கட்டிவைக்க முடிந்தவர்கள் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

சீழ்ப்பருக்கள், பொருக்கு விளிம்போடு வளையங்கள், குட்டைமுடி நாய்க்குப் பூச்சி அரித்த கம்பளி மாதிரித் திட்டுத் திட்டாக முடி போவது, இவை பாக்டீரியா. பெரும்பாலும் மேலே சொன்ன ஏதாவதொன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. குளோர்ஹெக்சிடின் ஷம்போவிலேயே பல அடங்கும். குளிசை தந்தால் புண் ஆறியதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை கொடுக்கவேண்டும்.

அரிப்பே இல்லாமல் உதிர்ந்தால்

இங்கேதான் நம் ஊருக்கே உரிய சில காரணங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் வராதவை.

தை, மாசிப் பனியில் நாய் அடுப்படியை விட்டு நகராது. நாள்தோறும் ஒரே பக்கத்தைத் தணலுக்குக் காட்டிப் படுக்கும் நாய்க்கு, கொப்புளம் போடாத அந்த மிதமான சூடே மாசக்கணக்கில் தோலைக் கெடுத்துவிடும். விலாவில் ஒரு பக்கம் மட்டும் ஒழுங்கில்லாத வலை மாதிரிச் சிவந்தும் கறுத்தும் முடி உதிரும். எங்கள் கிழட்டு நாய் ஒன்றுக்கு இப்படி வந்தது. அது படுக்கும் படங்கை அடுப்பிலிருந்து நாலடி தள்ளிப் போட்டதுதான் சிகிச்சை.

மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் காவலாகக் கட்டிவைக்கும் நாய்களின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். நைலோன் கயிறு மழையில் நனைந்து உரசி, கழுத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி முடி போயிருக்கும், உள்ளே புண்ணும் இருக்கும். வளரும் குட்டிக்குக் கட்டிய கயிறு சதைக்குள்ளேயே புதைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல் நுழையும் அகலப்பட்டி போடுங்கள்.

களைநாசினியோ உரமோ போட்ட தேயிலை மலையில் புரண்டுவரும் நாய்க்கு வயிற்றிலும் விரல் இடுக்கிலும், அதாவது முடி குறைந்த இடங்களில், தோல் எரிந்து சிவக்கும். அன்றே இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவிவிட்டால் பெரும்பாலும் சரி. சீமெந்துத் தரையில் படுக்கும் பெரிய நாயின் முழங்கையில் முடியற்ற காய்ப்பு விழும். அது நோயில்லை, கீழே தடித்த சாக்கு போட்டால் போதும்.

குட்டி போட்ட தாய்க்கு ஒன்றிரண்டு மாசத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பயப்படவேண்டாம். பால் மறந்து, சாப்பாடு கூடினால் திரும்ப முளைக்கும். குளிர் ஊர் என்று நுவரெலியாப் பக்கம் ஹஸ்கி வளர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த இனத்துக்குத் துத்தநாகத்தை உறிஞ்சும் சக்தி குறைவாக இருப்பதுண்டு. கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு தட்டினால் வைத்தியரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரட்டை அடுக்கு முடியை அழகுக்காக ஒட்ட வெட்டிவிடவும் கூடாது, திரும்ப வளர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

சுரப்பி நோய்கள் நடுவயதுக்குப் பிறகு வருபவை. தைரொயிட் குறைந்தால் நாய் கொஞ்சமாகச் சாப்பிட்டே கொழுக்கும், சோம்பிக்கிடக்கும், வால் எலிவால் மாதிரி மொட்டையாகும், சூடான இடத்தைத் தேடும். (மார்கழியில் எல்லா நாயும்தான் சூட்டைத் தேடுகிறது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம்.) அட்ரினல் சுரப்பி மிகுந்தால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வயிறு பானையாகித் தோல் தாளாக மெலியும். அரிப்புக்கென்று ஸ்டீரொயிட் ஊசியை மாசக்கணக்கில் போட்டாலும் இதே கோலம்தான். ஆண் நாய்க்கு ஒரு விதை கீழே இறங்காமல், முலைக்காம்பு பெருத்து, முடியும் உதிர்ந்தால் உள்ளே கட்டி இருக்கலாம், சத்திரசிகிச்சை வேண்டும். இவற்றுக்கெல்லாம் இரத்தப் பரிசோதனை தேவை, வீட்டு வைத்தியம் எதுவும் கிட்டவும் வராது.

பூசக்கூடாதவை

பழைய ஒயில்: அதில் ஈயம் போன்ற உலோகங்களும் பெற்றோலியக் கழிவும் உண்டு. நாய் நக்கும், தோலும் உறிஞ்சும். ஈரலும் சிறுநீரகமும் போகும், வாந்தியில் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரலும் போகும். "எங்க நாய்க்குப் பூசினோம், சுகமாச்சே" என்பார்கள். சுகமான நாய்களைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய், பினாயில், பற்றரி அமிலம் எதுவும் வேண்டாம், அவை தோலை எரிப்பவை. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவது கொலைக்குச் சமம்.

மாட்டுக்கு வாங்கிவைத்த ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மருந்து நல்ல மருந்துதான், வைத்தியரே சொறிக்குப் பாவிப்பார். ஆனால் அந்தப் போத்தலில் பொதுவாக 1 மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். நாய்க்கான கணக்கோ கிலோவுக்கு மைக்ரோகிராமில் போகிறது. ஒரு கை தவறினால் பத்து மடங்கு ஏறிவிடும். நடை தள்ளாடி, எச்சில் ஒழுகி, கண் தெரியாமல் விழும். கொலி போன்ற மேய்ப்பு இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் சரியான அளவே ஆபத்தாகலாம். நிறுவையும் கணக்கும் வைத்தியரின் வேலை.

வீட்டில் கிடக்கும் பெட்டாமெதசோன் களிம்பும் வேண்டாம். ஸ்டீரொயிட் அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே டெமோடெக்ஸோ படர்தாமரையோ இருந்தால் அது கொண்டாட்டமாகப் பரவும்.

வேப்பிலைத் தண்ணீரும் மஞ்சளும்? எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், கெடுதலில்லை. தோலுக்குள் தோண்டியிருக்கும் பூச்சியை அது கொல்லாது. கந்தகம் மட்டும் மெய்யாகவே சொறிக்குப் பழைய மருந்து. ஆனால் கடையில் கிடைக்கும் தூளை அளவில்லாமல் தேங்காயெண்ணெயில் குழைத்தால் தோல் வெந்துவிடும்.

வைத்தியரிடம் போகும் நாள்

அநேகமாக ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் அரச மிருக வைத்தியர் அலுவலகம் உண்டு. மாட்டு வேலைதான் அதிகம் என்றாலும் நாயையும் பார்ப்பார்கள். காலையிலேயே போங்கள், பிறகு அவர் வெளிக்களத்துக்குப் போய்விடுவார். முடிச்சு அவிழாத கேஸ்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

போவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள், எதையும் பூசாதீர்கள். சுத்தமாகக் கொண்டுபோகவேண்டும் என்ற வெட்கத்தில் நாம் கழுவிவிடுவது தடயத்தைத்தான். படங்கள், சாப்பாட்டு விபரம், இதுவரை கொடுத்த மருந்தின் உறை, விசர்நாய்த் தடுப்பூசி அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும். பழைய ஒயில் பூசியிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஓட்டோவில் ஏற்றும்போது வாயை மென்மையான துணி நாடாவால் கட்டி, முடிச்சைக் காதுக்குப் பின்னால் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சு வாங்கும் நாய்க்கும் அது வேண்டாம்.

சாப்பிடாத நாய், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருப்பது, சீழும் இரத்தமும் வடிவது, மூன்று மாசத்துக்குக் குறைந்த குட்டி என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளவேண்டாம்.

மருந்து தொடங்கிய பிறகு

சொறிக்கும் டெமோடெக்ஸுக்கும் தெள்ளுக்கும் உண்ணிக்கும் ஒன்றாக வேலை செய்யும் குளிசைகள் இப்போது உண்டு. அபொக்சொலேனர், சரொலேனர் மாதம் ஒன்று, புளூரலேனர் மூன்று மாசத்துக்கு ஒன்று. விலை சுடும். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொறிப்பூச்சி என்றால் லயத்திலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே வாரத்தில் கொடுக்கவேண்டும். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்துத்தான் ஏழு நாய்க்கும் கொடுத்தோம். ஒரு வீடு மட்டும் "எங்க நாய் சொறியலையே" என்று மறுத்தது. அந்த நாயையும் சேர்க்க இரண்டு நாள் பேச்சுவார்த்தை ஆனது.

குளிப்பாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மூட்டம் இறங்குவதற்கு முன், பதினொரு மணி வெயிலில், இளஞ்சூட்டுத் தண்ணீரில். துணி தோய்க்கும் சவர்க்காரம் வேண்டாம், தோலை வறட்டிவிடும். மருந்து ஷம்போவை நுரைக்கத் தேய்த்துப் பத்து நிமிஷம் விடவேண்டும். உடனே கழுவினால் காசு பீலித்தண்ணீரோடு போயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் நாய் நக்காமல் ஒருவர் பேசிக்கொண்டு பிடித்திருக்கவேண்டும். பிறகு அக்குள், விரல் இடுக்கு, காது மடிப்பு வரை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கையுறை இல்லாவிட்டால் கையைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவுங்கள்.

படர்தாமரை வீட்டில் தரையைக் கூட்டி, சவர்க்காரத்தால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைக்கவேண்டும். காய்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள். பிள்ளைகள் நாயோடு ஒரே போர்வையில் படுப்பதைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்தத்தான் வேண்டும்.

சாப்பாட்டில் சோறும் ரொட்டியும் மட்டும் இருந்தால் முடி முளைக்கப் பொருள் இல்லை, முடி என்பதே புரதம். முட்டை, அவித்த மீன், ஈரல் துண்டு எதை முடியுமோ சேருங்கள். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

அரிப்பு ஒரே நாளில் நிற்காது. சொறிக்கு மருந்து கொடுத்த பிறகும் செத்த பூச்சிகள் தோலில் இருக்கும்வரை மூன்று நாலு வாரம் சொறிந்துகொண்டுதான் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் இங்கேதான் ஒயிலுக்குத் திரும்புகிறார்கள். முதல் நாள் எடுத்த படத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோலின் சிவப்பு முதலில் இறங்கும், பிறகு பொருக்கு உதிரும், பிறகு விரலால் எதிர்ப்பக்கம் தடவினால் தாடி வளர்ந்த கன்னம் மாதிரிச் சொரசொரக்கும். கண்ணுக்குத் தெரிய ஒரு மாசம், மூட இரண்டு மூன்று மாசம். எங்கள் இப்போதைய நாய்க்குக் காது ஓரத்தில் முதலில் முளைத்தது கறுப்பு முடி. உடம்பு செம்மண் நிறம். அடுத்த முறை முடி மாற்றும்வரை அந்தக் கறுப்பு ஓரத்தோடேயே திரிந்தது.